டிஸ்க்கின் நடுவுக்குக் காற்று: டிராக்கில் ஓடும் காரின் பிரேக்கை ஆற வைப்பது எப்படி?

ஊருக்குள் கார் ஓட்டுகிறவர்கள் பிரேக் சூட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய சந்தர்ப்பம் அபூர்வம். நீண்ட மலை இறக்கத்தை விட்டுவிட்டால், ஒரு முறை அழுத்திப் பிடித்த சூடு அடுத்த சிக்னல் வருவதற்குள் ஆறிவிடும். ரேஸ் டிராக்கில் அப்படி ஆறுவதற்கு நேரமே கிடைப்பதில்லை. சொந்த ஸ்போர்ட்ஸ் காரை முதல் முறையாக டிராக்குக்குக் கொண்டுபோகிறவர்கள் இன்ஜினையும் டயரையும் பற்றித்தான் அதிகம் விசாரிக்கிறார்கள். ஆனால் அங்கே பெரும்பாலும் முதலில் கைவிடுவது பிரேக்.

மலேசியாவின் சேப்பாங் டிராக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு சுற்று 5.543 கி.மீ., மொத்தம் 15 வளைவுகள். கடைசி வளைவு ஒரு கொண்டை ஊசி. நீண்ட பின்பக்க நேர்ப்பாதையில் முழு வேகத்தில் வந்து, அங்கே சட்டென்று வேகத்தைக் கொன்றாக வேண்டும். திரும்பியதும் எதிரே முதன்மை நேர்ப்பாதை. மறுபடி முழு வேகம், அதன் முடிவில் முதல் வளைவுக்காக மறுபடி அழுத்திப் பிடிக்க வேண்டும். சுற்றிலேயே கடுமையான இரண்டு பிரேக்கிங்குகளும் ஒரே ஒரு நேர்ப்பாதை இடைவெளியில் அடுத்தடுத்து வருகின்றன.

இதில் எவ்வளவு வெப்பம் இருக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓட்டுநரோடு சேர்த்து 1,400 கிலோ எடையுள்ள கார். 200 கி.மீ. வேகத்தில் வந்து 80-க்கு இறங்குகிறது. இயக்க ஆற்றல் என்பது எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் வருவது. வேகத்தை நொடிக்கு எத்தனை மீட்டர் என்று மாற்றிப் போட்டால், இந்த ஒரு பிரேக்கிங்கில் மட்டும் சுமார் 18 லட்சம் ஜூல் ஆற்றல் காரிலிருந்து வெளியேறுகிறது. அதுவும் நான்கு நொடிக்குள். சராசரித் திறனாகச் சொன்னால் சுமார் 450 கிலோவாட், அதாவது 600 குதிரைத்திறன். 300 குதிரைத்திறன் இன்ஜின் உள்ள காராக இருந்தாலும் அதன் பிரேக் அந்த நான்கு நொடியில் இன்ஜினைப் போல இரு மடங்கு வேலை செய்கிறது. காற்றுத் தடை கொஞ்சம் உதவும். மீதி எல்லாம் நான்கு டிஸ்க்குகளில், அதாவது வீலோடு சேர்ந்து சுழலும் வட்டத் தகடுகளில், வெப்பமாக இறங்குகிறது.

பிரேக் பிடிக்கும்போது காரின் எடை முன்பக்கம் சாய்வதால், வெப்பத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் முன் டிஸ்க்குகளுக்குப் போகும். ஒரு முன் டிஸ்க்கின் பங்கு சுமார் 6.3 லட்சம் ஜூல். அந்த வார்ப்பிரும்பு டிஸ்க் 9 கிலோ இருந்தால், இந்த ஒரே பிரேக்கிங்கில் அதன் வெப்பநிலை சுமார் 140 டிகிரி செல்சியஸ் ஏறும். பிறகு நேர்ப்பாதையில் ஓடும்போது அதில் ஒரு பகுதி இறங்கும். முழுவதும் இறங்குவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும்.

அப்படியானால் வெப்பநிலை முடிவே இல்லாமல் ஏறிக்கொண்டே போகுமா? போகாது. ஒரு பொருள் எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு வேகமாக வெப்பத்தை இழக்கும். அதனால் முதல் சில சுற்றுகளில் டிஸ்க் விறுவிறுவென்று சூடேறி, ஒரு கட்டத்தில் ஒரு சுற்றில் உள்ளே வரும் வெப்பமும் வெளியே போகும் வெப்பமும் சமமாகி, அந்த அளவில் நின்றுவிடும். அந்த அளவு 450 டிகிரியா, 700 டிகிரியா என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. டிஸ்க்கின் எடை கூடினால் ஒவ்வொரு பிரேக்கிங்கிலும் ஏறும் தாவல் குறையும். ஆனால் சராசரி எங்கே போய் நிற்கும் என்பதை நிர்ணயிப்பது பெரும்பாலும் காற்றுதான். இந்த வேறுபாடு புரிந்துவிட்டால் எந்தப் பாகத்தில் பணம் போடலாம், எதில் போட வேண்டாம் என்பது தானாகவே விளங்கும்.

வேகமான டிராக்கில்தான் இந்தப் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் நாஸ்கார் பந்தயம் நடக்கும் மார்ட்டின்ஸ்வில் டிராக் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. வேகமும் அங்கே ஒப்பீட்டளவில் குறைவு. ஆனாலும் டிஸ்க்குகள் செக்கச் செவேல் என்று ஒளிர்வதைப் படங்களில் பார்க்கலாம். கனமான கார், இரண்டு கூர்மையான முனைகள், நடுவில் ஆறுவதற்குப் போதாத குட்டி நேர்ப்பாதை. வேகம் குறைவு என்றால் டிஸ்க்குக்குள் போகும் காற்றும் குறைவு.

எது சூடேறிக் கைவிட்டது என்று முதலில் பாருங்கள்

"பிரேக் போயிடுச்சு" என்று டிராக்கை ஒட்டிக் கார் நிறுத்தும் இடமான பிட்டுக்கு வருகிறவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பெடல் எப்படி இருந்தது?

பெடல் வழக்கம்போலக் கெட்டியாக இருக்கிறது, காலால் எவ்வளவு மிதித்தாலும் கார் நிற்க மாட்டேன் என்கிறது என்றால் பேட், அதாவது டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் உராய்வுக் கட்டை, தன் வெப்ப எல்லையைத் தாண்டிவிட்டது. பேடில் உள்ள பிசின்கள் வெந்து வாயுவாகி, உராய்வு குறைகிறது. சாலைக்கான சாதாரண பேடுகளில் பல, 350-400 டிகிரியைத் தாண்டும்போதே தளர ஆரம்பித்துவிடும்.

பெடல் பஞ்சு மாதிரி அமுங்கி, தரை வரை போய்விடுகிறது என்றால் பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது, அதனால்தான் கால் கொடுக்கும் அழுத்தம் அப்படியே, பிஸ்டனால் பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பருக்குப் போகிறது. கொதித்து ஆவிக்குமிழி உண்டானால் அது எளிதில் அமுங்கும். கால் உள்ளே போகும், பிஸ்டன் நகராது. இரண்டில் இதுதான் பயங்கரமானது. பேட் தளர்வது படிப்படியாக நடக்கும், ஓட்டுநருக்கு முன்கூட்டியே உணர்த்தும். ஆயில் கொதிப்பது போன வளைவு வரை நன்றாக இருந்து இந்த வளைவில் இல்லாமல் போவது. பெடல் சற்றே நீளமாகப் போவதாகத் தோன்றினாலே அந்தச் சுற்றோடு மெதுவாக உள்ளே வந்துவிடுங்கள். இன்னும் ஒரு சுற்று பார்க்கலாம் என்ற ஆசைக்கு இடமே கிடையாது.

பிரேக் ஆயிலின் எல்லைகளைத் தெரிந்துகொள்வது நல்லது. டாட் 4 என்ற பிரேக் ஆயில் தரத்துக்குப் புதிய நிலையில் குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி. ஈரம் ஏறிய நிலையில் அது 155. டாட் 5.1-க்கு 260-ம் 180-ம். பந்தயத்துக்கென்று வரும் மோட்டுல் ஆர்பிஎஃப் 600 போன்றவை புதிதாக இருக்கும்போது 300 டிகிரியைத் தாண்டும். காஸ்ட்ரால் எஸ்ஆர்எஃப் ஈரம் ஏறிய நிலையிலும் 270 டிகிரி வரை தாங்குகிறது, விலையும் அதற்கேற்ப உயரத்தில்தான். டாட் 5 என்ற பெயரில் வரும் சிலிக்கோன் ஆயில் வேறு வகை. அதை இவற்றோடு கலக்கவும் கூடாது, டிராக்குக்கு வாங்கவும் வேண்டாம்.

கிளைக்கால் வகை ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். நம் கடலோர ஊர்களில் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். சென்னைக்கு வெளியே இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓட்டுகிறவர்கள் வெயிலைத்தான் குறை சொல்வார்கள். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. வெளிக்காற்று 15 டிகிரிக்குப் பதில் 35 டிகிரியாக இருந்தால் டிஸ்க்கும் ஏறக்குறைய அந்த 20 டிகிரிதான் கூடுதலாக இருக்கும். 500 டிகிரியில் ஓடும் டிஸ்க்குக்கு அது பெரிய சுமை இல்லை. ஓராண்டு ஈரப்பதத்தில் கிடந்த ஆயிலின் கொதிநிலை இறங்கியிருக்கும் அளவு அதைவிடப் பல மடங்கு இருக்கலாம். எனவே டிராக்குக்குப் போகும் முன் ஆயிலை முழுதாக மாற்றி, நான்கு வீலின் பிரேக்கிலும் ஆயிலுக்குள் சிக்கிய ஏரை எடுத்துவிட்டுப் போவது முதல் வேலை. முத்திரை திறந்து மாதக்கணக்கில் அலமாரியில் இருந்த டின்னை ஊற்றாதீர்கள்.

முதல் முறை போகிறவருக்கு என் சிபாரிசு: நல்ல ஆயில், டிராக்குக்கான பேட். இந்த இரண்டோடு போய் ஓட்டிப் பாருங்கள். பலருக்கு இதுவே போதும். வேகம் கூடக்கூட, பேடும் டிஸ்க்கும் சீக்கிரம் தேய்ந்து, காலிப்பர் சூடு ஆயிலை மறுபடி மிரட்ட ஆரம்பிக்கும்போதுதான் காற்றுக்கு வழி செய்யும் வேலைக்கு வர வேண்டும்.

டிஸ்க் ஒரு பம்பு

முன் டிஸ்க்கை ஓரமாகப் பார்த்தால் அது ஒரே தகடு அல்ல என்று தெரியும். இரண்டு வளையத் தகடுகள், நடுவில் இடைவெளி, அந்த இடைவெளியில் வரிசையாகத் தடுப்புகள். வீட்டுக் கிணற்று மோட்டார் பம்பு எப்படி நடுவில் தண்ணீரை உறிஞ்சி ஓரத்தில் வீசுகிறதோ, அப்படியே இந்த டிஸ்க்கும் சுழலும்போது நடுவில் காற்றை உறிஞ்சி, தடுப்புகளின் வழியே தள்ளி, வெளிவிளிம்பில் வீசுகிறது. வெப்பத்தில் பெரும்பகுதி இந்த உள்வழிக் காற்றோடுதான் வெளியேறுகிறது.

இதிலிருந்து வரும் முடிவு ஒன்றே ஒன்று, ஆனால் அதைத்தான் அதிகம் பேர் தவறவிடுகிறார்கள். நீங்கள் கொண்டுவரும் காற்று டிஸ்க்கின் நடுவுக்குப் போக வேண்டும். வீல் பொருந்தும் நடுப்பாகமான ஹப்பைச் சுற்றி இருக்கும் அந்த வாய்க்குள் போனால் இரண்டு தகடுகளும் சமமாக ஆறும். குழாயை டிஸ்க்கின் உள்பக்க முகத்தை நோக்கித் திருப்பி வைத்தால் ஒரு பக்கம் மட்டும் குளிரும், மறுபக்கம் சூடாகவே இருக்கும். இரண்டு பக்கமும் வெவ்வேறு அளவில் விரிந்து டிஸ்க் கூம்பு மாதிரி வளையப் பார்க்கும், விரிசலும் சீக்கிரம் வரும். தப்பான இடத்தில் நிறையக் காற்று விடுவதைவிட, சரியான இடத்தில் கொஞ்சம் காற்று விடுவது மேல்.

வாய் எந்தப் பக்கம் என்பதையும் கையால் தொட்டுப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பெரும்பாலான கார்களில் அது உள்பக்கம், அதாவது இன்ஜின் பக்கம் திறந்திருக்கும். சில டிஸ்க்குகளில் வீல் பக்கம் திறந்திருக்கும். அப்படிப்பட்டவற்றுக்கு உள்ளிருந்து எவ்வளவு காற்றைத் தள்ளினாலும் பலன் சொற்பம்.

தடுப்புகள் நேராக இருந்தால் டிஸ்க்கை எந்தப் பக்கமும் மாட்டலாம். வளைந்த தடுப்புகள் என்றால் இடது வேறு, வலது வேறு. காரில் மாட்டிய நிலையில் டிஸ்க்கின் மேல்பகுதியைப் பார்த்தால், தடுப்புகள் உள்ளிருந்து வெளியே போகப்போக காரின் பின்பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். மாற்றி மாட்டினால் பம்பு சரியாக இழுக்காது. முகத்தில் வெட்டியிருக்கும் கோடுகளின் சாய்வை வைத்து முடிவு செய்யக் கூடாது. உள்ளே இருக்கும் தடுப்புகளைத்தான் பார்க்க வேண்டும்.

இந்தத் தத்துவத்தின் உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் ஃபார்முலா 1 காரின் கார்பன் டிஸ்க்கைப் பாருங்கள். அதன் ஓரத்தில் காற்று போவதற்காகவே 1,000-க்கும் மேற்பட்ட சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். காற்று தொடும் பரப்பைக் கூட்டுவதற்காக அவ்வளவு பாடு.

காற்றுக்கு வழி போடுதல்

வழி என்றால் மூன்று பகுதி: காற்று நுழையும் வாய், நடுவில் குழாய், டிஸ்க்கருகே போய் முடியும் தட்டு.

வாய் இருக்க வேண்டிய இடம் முன் பம்பரில், எதிர்காற்று நேராக மோதும் பகுதி. அங்கேதான் அழுத்தம் அதிகம். பல கார்களில் ஃபாக் லைட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தையே வாயாக்குவார்கள். பம்பரின் அடிப்பக்கத்திலோ, பக்கவாட்டில் வளைந்து போகும் இடத்திலோ ஓட்டை போட்டால் பார்க்க நன்றாக இருக்கும், காற்று உள்ளே போகாது. சில இடங்களில் உள்ளிருந்து வெளியே இழுக்கவும் செய்யும். வாய் கொஞ்சம் அகலமாகத் தொடங்கி, படிப்படியாகக் குறுகிக் குழாயோடு சேர்வது நல்லது.

குழாய்க்கு வெப்பம் தாங்கும் சிலிக்கோன் பூசிய கண்ணாடி இழை ஹோஸ்தான் பழக்கம். விட்டம் பொதுவாக 63 அல்லது 76 மில்லிமீட்டர். பெரியது நல்லதுதான், ஆனால் வீல் இரண்டு பக்கமும் முழுதாகத் திரும்பும்போதும், சஸ்பென்ஷன் அமுங்கும்போதும் அது டயரில் உரசக் கூடாது. இந்த ஓர் இடத்தில்தான் வேலை இழுத்துக்கொண்டே போகும். காரை ஜாக்கியில் தூக்கி, ஸ்டியரிங்கை இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை திருப்பி, சஸ்பென்ஷனை மேலும் கீழும் நகர்த்தி, ஒவ்வொரு நிலையிலும் இடைவெளியைப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு இடத்தில் தொட்டாலும் சில சுற்றுகளில் டயர் ஹோஸைத் தின்றுவிடும். நசுங்கி முட்டை வடிவமாகிப்போன பெரிய ஹோஸைவிட, நசுங்காத சின்ன ஹோஸ் அதிகக் காற்றைக் கொண்டுபோகும். வளைவுகளும் குறைவாக இருக்க வேண்டும், ஒவ்வொரு திருப்பத்திலும் காற்றின் வேகம் செத்துக்கொண்டே வரும்.

கடைசிப் பகுதி, டிஸ்க்கின் பின்னால் இருக்கும் தட்டு. கம்பெனியிலிருந்து வரும்போதே காரில் அங்கே ஒரு மெல்லிய தகரக் கவசம் இருக்கும். கல், தண்ணீர் படாமல் காப்பதற்கும், டிஸ்க்கின் வெப்பம் பக்கத்தில் இருக்கும் பால் ஜாயிண்ட் ரப்பரையும் ஏபிஎஸ் வயரையும் சுடாமல் தடுப்பதற்கும் அது இருக்கிறது. டிராக் பிரியர்கள் சிலர் அதை அப்படியே கழற்றி எறிந்துவிடுகிறார்கள். காற்று கொஞ்சம் தாராளமாக வரும், உண்மைதான். ஆனால் பால் ஜாயிண்டின் ரப்பர் உறை வெந்து கிழிந்து, கிரீஸ் உருகி ஓடினால் அது பிரேக்கைவிடப் பெரிய தொல்லை. கவசத்துக்குப் பதிலாக, குழாய் வந்து பொருந்தும் வாயும், காற்றை ஹப் பக்கம் மட்டும் திருப்பிவிடும் மூடியும் கொண்ட தட்டை மாட்டுவதுதான் முறையான வழி. பல கார்களுக்கு இது ஆயத்தமாகவே கிடைக்கிறது. கிடைக்காவிட்டால் அலுமினியத் தகட்டில் செய்துகொள்ளலாம்.

இவ்வளவு வேலைக்கு முன் பார்க்க வேண்டிய எளிய வழி ஒன்று உண்டு. போர்ஷே கார்களில் சஸ்பென்ஷனின் கீழ்க்கையில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் துடுப்பு மாட்டியிருப்பார்கள். காரின் அடியில் ஓடும் காற்றை அது பிரேக் பக்கம் திருப்பிவிடும். 996 தலைமுறை 911 ஜிடி3-யில் வந்த பெரிய துடுப்பை அதே காலத்துச் சாதாரண 911-லும் பாக்ஸ்டரிலும் மாட்டிக்கொள்வது அந்தக் கார் வைத்திருப்பவர்களிடையே நெடுநாள் வழக்கம். பம்பரை வெட்ட வேண்டாம், ஹோஸ் உரசுமோ என்ற பயம் இல்லை, செலவும் குறைவு. முழுக் குழாய் அளவுக்குக் காற்று வராது. ஆனாலும் அவ்வப்போது டிராக்குக்குப் போய், மீதி நாளெல்லாம் சாலையில் ஓட்டும் காருக்கு இந்த மாதிரி தீர்வுதான் எனக்குப் பிடிக்கும். உங்கள் காரின் பந்தய வடிவத்திலோ, அதே வரிசையின் உயர்ந்த மாடலிலோ இப்படி ஏதாவது இருக்கிறதா என்று முதலில் தேடிப் பாருங்கள்.

உள்ளே வந்த காற்று வெளியேறவும் வேண்டும். அகலமான இடைவெளி உள்ள வீல்கள் உதவும், மூடிய மாதிரி வீல்கள் சூட்டை உள்ளேயே வைத்துக்கொள்ளும். வீல் பெரிதாக இருக்க வேண்டும் என்பது இல்லை, திறப்பாக இருந்தால் போதும்.

காசைக் கரைக்கும் இரண்டு விஷயங்கள்

முகத்தில் துளை போட்ட டிஸ்க் கடைகளில் நன்றாக விற்கிறது. பேடிலிருந்து வரும் வாயுவும் மழைத்தண்ணீரும் வெளியேற அந்தத் துளைகள் கொஞ்சம் உதவும். அதற்காக டிஸ்க்கின் எடையைக் குறைத்து, விரிசல் தொடங்க வசதியான விளிம்புகளையும் உண்டாக்கிவிடுகின்றன. வார்ப்பிரும்பு டிஸ்க்கை டிராக்கில் சூடேற்றுகிறவர்களுக்குத் துளையில்லாத டிஸ்க் அல்லது கோடு வெட்டிய டிஸ்க் போதும்.

இன்னொன்று, பெரிய பிரேக் கிட். பெரிய டிஸ்க்குக்கு எடை கூடுதல், காற்று படும் பரப்பும் கூடுதல். அது உண்மையான லாபம்தான். ஆனால் காற்றே போகாத இடத்தில் பெரிய டிஸ்க்கை வைத்தால், சூடேறும் நேரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். மூன்றாவது சுற்றில் வந்த தொல்லை ஆறாவது சுற்றில் வரும். முன் பிரேக்கை மட்டும் பெரிதாக்கினால் முன்-பின் சமநிலையும் மாறும். ஆயில், பேட், காற்று மூன்றையும் சரிசெய்த பிறகும் போதவில்லை என்றால் அப்போது வாங்கலாம்.

இதற்கு நேர்மாறாக, விலை குறைவாக இருந்தும் பலர் கண்டுகொள்ளாத ஒன்று டைட்டானியத் தகடு. பேடுக்கும் காலிப்பர் பிஸ்டனுக்கும் நடுவே வைக்கும் மெல்லிய தகடு இது. டைட்டானியம் வெப்பத்தைக் கடத்துவதில் எஃகைவிட மந்தம், அலுமினியத்தோடு ஒப்பிடவே முடியாது. பேடின் சூடு பிஸ்டன் வழியாக ஆயிலுக்குப் போகும் பாதையில் அது ஒரு தடை. டிஸ்க்கை அது ஆற வைக்காது. ஆயில்தான் உங்கள் பலவீனம் என்றால் அதைக் காப்பாற்றும்.

அளந்து பார்த்தால்தான் தெரியும்

மாற்றம் செய்துவிட்டு "இப்போது பரவாயில்லை மாதிரி இருக்கிறது" என்பது போதாது. டிஸ்க்கின் ஓரத்தில் பூசும் வெப்பப் பெயின்ட் கிடைக்கிறது. பிரபலமான தொகுப்பில் பச்சை 430 டிகிரியிலும், ஆரஞ்சு 560-லும், சிவப்பு 610-லும் நிறம் மாறும். ஓட்டிவிட்டு வந்து எந்த நிறம் மாறியிருக்கிறது என்று பார்த்தால் டிஸ்க் தொட்ட உச்சம் தெரிந்துவிடும். பச்சை மட்டும் மாறியிருந்தால் டிராக் பேடுக்கு அது வசதியான நிலை. சிவப்பும் மாறியிருந்தால் காற்று போதவில்லை. காலிப்பருக்கு ஒட்டும் பட்டைகள் உண்டு, தொட்ட உச்ச வெப்பத்தில் கறுத்து அப்படியே நின்றுவிடும். ஆயிலின் கொதிநிலையோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தால் எவ்வளவு இடைவெளி மிச்சம் இருக்கிறது என்று புரியும். பிட்டில் வந்து அகச்சிவப்புத் துப்பாக்கியால் அளப்பது வேறு கதை. அது அந்த நேரத்து வெப்பத்தைத்தான் காட்டும், வளைவின் நுனியில் இருந்த உச்சத்தை அல்ல. பளபளப்பான இரும்புப் பரப்பில் அதன் அளவீடு தவறவும் செய்யும்.

நான்கு வீலையும் அளந்துகொள்ளுங்கள். இடதும் வலதும் மிகவும் வேறுபட்டால் ஒரு பக்கக் குழாய் நசுங்கியோ கழன்றோ இருக்கலாம், காலிப்பர் பிஸ்டன் இறுகியிருக்கவும் வாய்ப்பு உண்டு. பின் பிரேக் எதிர்பாராத அளவுக்குச் சூடாகியிருந்தால் எலக்ட்ரானிக்ஸைச் சந்தேகியுங்கள். இப்போதைய பல ஸ்போர்ட்ஸ் கார்கள் வளைவில் வீல் சுழன்றுவிடாமல் இருக்க, ஓட்டுநர் பெடலைத் தொடாமலே ஒரு பின் பிரேக்கைப் பிடிக்கின்றன. உங்கள் கால் ஓய்வெடுக்கும்போதும் பேட் வேலை செய்துகொண்டிருக்கும்.

காலும் ஒரு குளிர்விப்பான்தான்

வேகத்தின் வர்க்கத்தில் வெப்பம் ஏறுகிறது என்று பார்த்தோம். அதே கணக்கு நமக்குச் சாதகமாகவும் வேலை செய்யும். மேலே சொன்ன காரில் நேர்ப்பாதை முடிவில் 200-க்குப் பதில் 190-ல் பிரேக் தொட்டால், அந்த பிரேக்கிங்கின் வெப்பம் 11 சதவீதத்துக்கும் மேல் குறைகிறது. சுற்று நேரத்தில் இழப்பு மிகச் சிறியது. பழகும் நாட்களில், இரண்டு சுற்று வேகமாக, ஒரு சுற்று நிதானமாக என்று ஓட்டினாலே பிரேக் நாள் முழுக்கத் தாங்கும்.

பயந்து பயந்து முன்கூட்டியே லேசாகத் தொட்டுக்கொண்டே வருவதும் உதவாது. வெளியேற்ற வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய அதேதான். ஆனால் பேட் டிஸ்க்கை ஒட்டியிருக்கும் நேரம் நீள்கிறது, ஆறுவதற்குக் கிடைக்கும் நேரம் சுருங்குகிறது. உறுதியாகப் பிடித்து, சீக்கிரம் விட்டுவிடுவது நல்லது.

சூட்டைப் பொறுத்தவரை ஆபத்தான நேரம் ஓட்டி முடித்த பிறகு வருகிறது. கார் நின்றதும் காற்றோட்டம் நின்றுவிடும், டிஸ்க்கில் இருக்கும் 400-500 டிகிரி சூடு எங்கும் போக வழியில்லாமல் காலிப்பருக்குள் ஏறும். டிராக்கில் கொதிக்காத ஆயில் பிட்டில் நிற்கும்போது கொதித்துவிடலாம். அதனால் கடைசிச் சுற்று முழுவதையும் பிரேக்கைத் தொடாத அளவுக்கு மெதுவாக, ஆனால் நிற்காமல் ஓட்டுங்கள். பிட்டில் நிறுத்தியதும் பெடலை அழுத்திக்கொண்டே உட்காராதீர்கள். ஹேண்ட் பிரேக்கும் வேண்டாம். கியரில் போட்டு, வீலுக்கு ஒரு கட்டை வையுங்கள். சூடான பேடை ஒரே இடத்தில் அழுத்தி வைத்தால் அதன் படிவு டிஸ்க்கில் திட்டாக ஒட்டிக்கொள்ளும். பிறகு பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஸ்டியரிங் அதிரும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று மெக்கானிக் சொல்லும் பல கேஸ்களில் உண்மையான காரணம் இந்தத் திட்டுதான்.

இந்த வெப்பத்தோடு மல்லுக்கட்டுவது புதிதல்ல. 1953 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜாகுவார் சி-டைப் டன்லப் டிஸ்க் பிரேக்கோடு வந்து வென்றது. அதுவரை எல்லோரும் நம்பியிருந்த டிரம் பிரேக்கில் வெப்பம் உள்ளே அடைபட்டுக் கிடக்கும், டிஸ்க்கோ காற்றில் திறந்து கிடக்கும். இரண்டு ஆண்டு கழித்து அதே பந்தயத்துக்கு டிரம்மோடே வந்த மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர், ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் ஒரு பெரிய பலகையை நிமிர்த்திக் காற்றிலேயே வேகத்தைக் குறைத்தது. இன்று ஐரோப்பிய லாரிப் பந்தயத்தில் ஓடும் லாரிகள் பிரேக்குக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே ஓடுகின்றன. அவ்வளவு எடைக்குக் காற்று மட்டும் போதாது.

காற்று அதிகமாகிவிடுவதும் உண்டு. டிராக் பேடுகளுக்குக் குறைந்தபட்ச வெப்பம் தேவை, அதற்குக் கீழே அவை சரியாகப் பிடிக்காது. மழை நாளில், அல்லது குழாய் மாட்டிய அதே காரைச் சாலையில் ஓட்டி வீட்டுக்குத் திரும்பும்போது, பம்பர் வாயில் ஒட்டும் டேப்பைப் போட்டுப் பாதியோ முழுதோ மூடிவிடுங்கள். பந்தயக் குழுக்களும் இதைத்தான் செய்கின்றன. மூடுவதற்கு முன் வாய்க்குள் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். காய்ந்த இலையும் டயர் ரப்பர் துண்டுகளும் அங்கே வந்து அடைத்துக்கொண்டிருக்கும்.